அரசாங்கக் கொள்வனவில் மின்னணு முறை: உக்ரேன் நாட்டின் அநுபவம்

இல்லத்தரசி ஒருத்தி சந்தைக்குச் சென்று காய்கறி வாங்குங்கால், பொருளைத் தெரிபவளும் அவளே. விலை கொடுப்பவளும் அவளே. வாங்கியதை உண்போரும் அவள் வீட்டாரே. ஆதலின் விலை மிகுந்தாலும் பொருள் இழிந்தாலும் அந்நட்டம் உடனே அவளை வந்தடைகின்றது. அரசாங்கம் ஒரு பொருளை வாங்குங்கால் இம்மூவரும் வெவ்வேறாகி விடுகின்றனர். பொருளைத் தெரிபவர் ஓர் உத்தியோகத்தர். பணங் கொடுப்போர் வரியிறுக்கும் மக்கள். பொருளைப் பயன்படுத்துவோர் வைத்தியசாலையிலுள்ள நோயாளியோ, பாடசாலை மாணவனோ, எல்லையில் நிற்கும் போர்வீரனோ ஆவர். தெரிபவர் தவறினால் நட்டம் அவருக்கன்று, பிறருக்கே. அந்நட்டமும் பல இலட்சம் மக்கள்மீது சிறுசிறு கூறாகப் பரந்து விடுவதால் எவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படுவதில்லை. அரசாங்கக் கொள்வனவைப் பற்றிய சிக்கல்கள் பெரும்பாலனவற்றுக்கும் இப்பிரிவே மூலகாரணமாகும்.

இச்சிக்கல் சிறியதன்று. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனத்தைச் சேர்ந்த செல்வ நாடுகளில், மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு அரசாங்கக் கொள்வனவாகவே செலவாகின்றது. வீதி, பாலம், மருந்து, பாடநூல், நிலக்கரி, காகிதம் என அரசு வாங்காத பொருள் அரிது. இது புதிய சிக்கலுமன்று. அரசிறைப் பொருளைக் கையாடும் வழிகள் நாற்பது எனக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் எண்ணிக் காட்டுகின்றது. அக்காலந் தொட்டு இன்றுவரை, இவ்வழிகளை அடைப்பதெங்ஙனம் என்பதே ஆட்சியாளர் பலரின் கவலையாக இருந்து வந்துளது. கணனியையும் இணையத்தையும் கொண்டு இவ்வழிகளை அடைக்க முயன்ற நாடுகளுள் உக்ரேன் குறிப்பிடத்தக்கது. அந்நாட்டின் வெற்றி, தோல்வி ஆகிய இரண்டும் ஆராய்ச்சிக்குரியன.

பழைய முறையும் அதன் குறையும்

அரசாங்கங்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தது கேள்விப்பத்திர முறையாகும். வேண்டிய பொருளின் இயல்பும் அளவும் விளம்பரப்படுத்தப்படும். விற்க விரும்புவோர் தத்தம் விலையை எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, குறித்த நாளுக்குமுன் ஒப்படைப்பர். குறித்த நேரத்தில் உறைகள் யாவும் ஒருங்கே திறக்கப்படும். தகுதியுடையோருள் குறைந்த விலை கூறியவர் ஒப்பந்தத்தைப் பெறுவர். ஒருவர் விலையை மற்றவர் அறியாதிருத்தலே இம்முறையின் உயிர்நிலை.

முறை நல்லதே. ஆயின், அது முறையாகக் கைக்கொள்ளப்பட்டதா என்பதைக் காணுங் கண்கள் மிகச் சிலவே. விளம்பரம் எவரும் வாசிக்காத ஏட்டில் வெளிவரலாம். ஒருவரிடம் மட்டுமே உள்ள பொருளுக்கேற்ப நிபந்தனைகள் எழுதப்படலாம். உறை திறக்குமுன் அதனுள் உள்ள விலை வேண்டியவர் செவிக்கு எட்டலாம். குறைந்த விலை கூறியவரைச் சிறு எழுத்துப் பிழை காட்டி விலக்கலாம். இவை யாவும் முடிந்தபின், அதுபற்றிய பத்திரங்கள் அலுவலக அலுமாரியுட் சென்று உறங்கிவிடும். கணக்காய்வாளர் அவற்றைத் திறக்குங் காலத்தில் பாலமும் கட்டியாயிற்று, பணமும் போயிற்று.

இக்குறைக்கு இயல்பாகத் தோன்றும் மருந்து, காவலரைக் காக்க இன்னுமொரு காவலரை நியமித்தலாகும். உக்ரேனும் முதலில் இவ்வழியையே நாடிற்று. 2005 ஆம் ஆண்டின்பின், கேள்விப்பத்திர மன்றம் என்னும் அரசு சாராத அமைப்பொன்றுக்குக் கொள்வனவுகளை மேற்பார்வை செய்யும் பேரதிகாரம் வழங்கப்பட்டது. அவ்வமைப்பே கடுங் கண்டனத்துக்கு இலக்காகி, 2008 இல் அதன் அதிகாரம் சட்டத்தால் நீக்கப்பட்டது. பூட்டிய அறைக்குள் இன்னுமொருவரை அனுப்புவதால் அறையில் ஒளி பரவுவதில்லை என்பதை அந்நாட்டார் அன்று கண்டனர்.

மின்னணு முறை எனப்படுவது யாது?

காகிதத்திலே தட்டெழுதியதைக் கணனியிலே தட்டெழுதி அனுப்புவது மின்னணுக் கொள்வனவு ஆகாது. விளம்பரத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, ஏனையவற்றை அறைக்குள்ளே நடத்துவதும் ஆகாது. பொருள் வேண்டுமென்று திட்டமிட்ட நாள்முதல், விளம்பரம், வினாவிடை, விலைகூறல், தெரிவு, முறையீடு, ஒப்பந்தம், பணங் கொடுத்தல் ஈறாக ஒவ்வொரு படியும் ஒரே முறைமையினுள் நிகழ்ந்து, நிகழ்ந்த கணமே அழிக்கவியலாத பதிவாக அமைதலே உண்மையான மின்னணுக் கொள்வனவாகும். ஆகவே இதன் சிறப்பு விரைவிலன்று, பதிவிலே உள்ளது. எவர், எப்பொழுது, எதனைச் செய்தார் என்பதற்கு முறைமையே சான்றாகின்றது.

புரோசோரோவின் தோற்றம்

2013 ஆம் ஆண்டின் இறுதியில் கீவ் நகரின் மைதான் சதுக்கத்திலே தொடங்கிய மக்கள் கிளர்ச்சியின் விளைவாக, 2014 பெப்ரவரியில் ஜனாதிபதி யானுக்கோவிச் நாட்டைவிட்டு நீங்கினார். ஊழலே அக்கிளர்ச்சியின் முக்கிய காரணங்களுள் ஒன்று. கிளர்ச்சியில் ஈடுபட்ட இளைஞர் சிலர், அது முடிந்ததும், அரசின் பணப்பையைத் திருத்துவதெங்ஙனம் என்று ஆராயத் தலைப்பட்டனர். பங்குச்சந்தை வணிகத்தில் அநுபவம் பெற்ற ஒலெக்சாண்டர் ஸ்தாரொதூப்சேவ் இவர்களுள் ஒருவர். 2010 இல் மின்னணுக் கொள்வனவைத் தொடக்கிய ஜோர்ஜியா நாட்டிலிருந்து நிபுணர் வந்து ஆலோசனை வழங்கினர். முதல் முதலாகச் செலவுக்கு வேண்டிய பணத்தை அரசாங்கம் கொடுக்கவில்லை. இம்முறையிற் பங்குகொள்ள முன்வந்த தனியார் இணையச் சந்தை நிறுவனங்களும் வெளிநாட்டு உதவி நிதியங்களுமே கொடுத்தன.

இம்முறைமைக்குப் புரோசோரோ எனப் பெயரிட்டனர். உக்ரேனிய மொழியில் இது 'ஊடுருவித் தெரிவது', 'ஒளிவுமறைவற்றது' எனப் பொருள்படும். 2015 பெப்ரவரியில் இது பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. அவ்வேளை சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. சட்டத்தின் எல்லைக்குட்படாத சிறு கொள்வனவுகளே இதனூடாக நடைபெற்றன. முதலிற் செய்து காட்டிப் பின்னர்ச் சட்டமியற்றுதல் என்னும் இவ்வொழுங்கு கருதத்தக்கது. பயன் கண்கூடானபின் எதிர்ப்போரின் வாய் அடைபட்டது. 2015 டிசெம்பரிற் பாராளுமன்றம் புதிய கொள்வனவுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2016 ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் மத்திய அரசாங்க நிறுவனங்களுக்கும், அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் ஏனைய அரசாங்க நிறுவனங்கள் அனைத்துக்கும் புரோசோரோ கட்டாயமாயிற்று. பொருளும் சேவையும் 2 இலட்சம் ஹிரிவ்னியாவும், கட்டட வேலைகள் 15 இலட்சம் ஹிரிவ்னியாவும் எட்டுமிடத்து, இம்முறையைத் தவிர்த்தல் இயலாதென அச்சட்டம் விதித்தது.

கொள்வனவு நடைபெறும் வகை

இம்முறைமையின் அமைப்பு நூதனமானது. நடுவிலே உள்ள தரவுக் களஞ்சியம் ஒன்றே, அது அரசாங்கத்துக்குரியது. அதனைச் சூழத் தனியார் இணையச் சந்தைகள் பல உள. விற்போர் தாம் விரும்பிய சந்தையினூடாக உட்புகலாம். எச்சந்தையிற் புகுந்தாலும் எல்லா விளம்பரங்களும் ஒருங்கே தோன்றும். ஒரு சந்தை சரிவர ஊழியஞ் செய்யாவிடின் வணிகர் அடுத்த சந்தைக்குச் செல்வர். ஆதலின் சந்தைகள் தம்முட் போட்டியிட்டு வணிகருக்கு வழிகாட்டுகின்றன; அரசாங்கமோ களஞ்சியத்தைக் காக்கின்றது. மென்பொருளின் மூலவாசகமும் எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடப்பட்டுளது.

2015 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஏலத்தின் இயல்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பாடசாலை ஒன்றுக்கு மேசைகள் தேவை எனக் கொள்வோம். மூவர் விலை கூறுகின்றனர். முதல்வர் 3 இலட்சமும், இரண்டாமவர் 2 இலட்சத்து 90 ஆயிரமும், மூன்றாமவர் 2 இலட்சத்து 80 ஆயிரமும் கேட்கின்றனர். கேள்விப்பத்திர முறையிலே இத்துடன் காரியம் முடிந்துவிடும். இங்கோ இது தொடக்கமே. குறித்த நேரத்தில் இணையத்திலே மூன்று சுற்றுக்கள் கொண்ட ஏலம் நிகழும். இது சாதாரண ஏலத்துக்கு மறுதலையானது. விலை ஏறாது, இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அப்பொழுது அதிக விலையில் நிற்பவர் முதலிற் பேச வேண்டும். குறைந்த விலையில் நிற்பவர் மற்றவர் விலைகளைக் கண்டபின் இறுதியிற் பேசலாம். இறுதியிற் பேசுதல் பெரும் வசதியாதலின், அவ்விடத்தைப் பெறும் பொருட்டு ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே தம் விலையைக் குறைக்கத் தூண்டப்படுகின்றனர். போட்டியாளர் பெயர்கள் ஏலம் முடியும்வரை மறைக்கப்பட்டிருக்கும். எதிரே நிற்பவர் எவரென அறியாதவருக்கு, அவருடன் பேசி உடன்படுதல் கடினமாகின்றது.

ஏலம் முடிந்தவுடன் திரை விலகுகின்றது. பெயர்கள், விலைகள், சமர்ப்பித்த பத்திரங்கள் யாவும் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. கொள்வனவு செய்யும் நிறுவனம் குறைந்த விலை கூறியவரின் தகுதியைப் பரிசோதிக்கும். அவரை விலக்கின், விலக்கியதற்கான காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். விலக்கப்பட்டவர் ஏகபோகத் தடைக் குழுவிடம் முறையிடலாம். அம்முறையீடும் தீர்ப்பும் வெளியிடப்படும். பழைய முறையிலே திறக்கப்படும்வரை மூடியிருக்க வேண்டிய விலைகள் முன்னரே கசிந்தன. திறந்திருக்க வேண்டிய தெரிவோ மூடிக்கிடந்தது. மறைய வேண்டியதை மறைத்தும், வெளிப்பட வேண்டியதை வெளிப்படுத்தியும் வைத்தமையே புரோசோரோவின் நுட்பமாகும்.

காண்போரும் காணப்படுவதும்

'எல்லோரும் எல்லாவற்றையும் காண்கின்றனர்' என்பது புரோசோரோவின் தாரக வசனம். ஆயின், காணக்கூடியதாக இருத்தல் வேறு, காணுதல் வேறு. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கொள்வனவுகள் பதிவாகுமிடத்து, அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்போர் யாவர்? இவ்வினாவுக்கு விடையாக, சர்வதேச வெளிப்படைத்தன்மை அமைப்பின் உக்ரேன் கிளை 2016 நவம்பரில் டோசோரோ என்னும் கண்காணிப்புத் தளத்தை நிறுவிற்று. ஐயத்துக்கிடமான கொள்வனவைக் கண்ட எவரும் அதனை அங்குக் குறிப்பிடலாம். பல ஊர்களிலுமுள்ள பொதுநல அமைப்புக்கள் அக்குறிப்புக்களை ஆராய்ந்து, கொள்வனவு நிறுவனத்துக்கும், கணக்காய்வுத் திணைக்களத்துக்கும், வேண்டின் பொலிசாருக்கும் எழுதுகின்றன.

பத்திரிகையாளர் கைக்கும் இது ஒரு கருவியாயிற்று. ஒரே வகை மருந்துக்கு ஒரு மாகாணம் கொடுத்த விலையையும் மற்றொரு மாகாணம் கொடுத்த விலையையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல், முன்னர்ப் பல மாத உழைப்பை வேண்டியது. இன்று சில நிமிட வேலை. போட்டியாளர் இருவர் ஒரே கணனி முகவரியிலிருந்து விலைமனுச் செய்தமையை, அவர்கள் கூட்டுச் சதிக்குச் சான்றாக ஏகபோகத் தடைக் குழு பல வழக்குக்களிற் கொண்டுளது. தம் பதிவே தமக்கு எதிர்ச் சாட்சியாகுமென அவர்கள் எண்ணியிரார்.

முறையின் எல்லைகள்

எனினும் இம்முறைமையைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளுதல் தவறாகும். இயந்திரம் விலைகளை ஒப்பிடும், நோக்கத்தை அறியாது. சட்டம் விதித்த பண எல்லையைத் தாண்டாவண்ணம் ஒரு கொள்வனவைப் பல துண்டாக்கும் தந்திரம் உக்ரேனிலும் தோன்றிற்று. இதனைத் தடுக்கும் நோக்குடன், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 50 ஆயிரம் ஹிரிவ்னியா தொடக்கமுள்ள கொள்வனவுகளுக்கும் எளிமையான மின்னணு நடைமுறை ஒன்றை விதித்தது. நிபந்தனைகளை ஒருவருக்கேற்ப எழுதுதல், போட்டியாளர் ஒருவரேனும் வாராதிருக்கச் செய்தல் ஆகியனவும் முற்றாக ஒழிந்தில. குறைந்த விலை கூறியவர் தாழ்ந்த பொருளைக் கொணர்தலும் உண்டு. விலையல்லாத பண்புகளுக்கும் மதிப்பளிக்கச் சட்டம் இடங்கொடுத்தபோதிலும், அப்பண்புகளைச் சரிவர எழுதும் அறிவு உத்தியோகத்தருக்கு வேண்டும். மேசையின் மரம் எவ்வகையது, அதன் கனம் எவ்வளவு என எழுதத் தெரியாத பாடசாலை, ஏலத்தில் எத்துணைப் பணம் மிச்சப்படுத்தினும் ஓராண்டில் உடையும் மேசையையே பெறும்.

இருளில் வாங்கிய முட்டை

இம்முறையின் பெறுமதியை உக்ரேன் மக்கள் நன்குணர்ந்தது, அது இருந்தவிடத்தில் அன்று, இல்லாதவிடத்திலே. 2022 பெப்ரவரி 24 ஆம் திகதி ரஷ்யப் படைகள் நாட்டினுட் பெருமளவிற் புகுந்தன. நான்கு நாட்களின்பின், அமைச்சரவை போர்க்காலக் கொள்வனவுக்கு விதிகளைத் தளர்த்திற்று. குண்டு விழும் வேளையில் ஏலம் நடத்தியிருக்க இயலாது. களஞ்சியசாலை எங்குள்ளதென விளம்பரப்படுத்துதல் பகைவனுக்கு வழிகாட்டுதலாக முடியும். எனவே அத்தளர்வுக்கு நியாயம் இருந்தது. குடிசார் கொள்வனவுகளைப் பொறுத்தமட்டில், அவ்வாண்டு ஒக்டோபரிலேயே போட்டி முறை பெரும்பாலும் மீள நிறுவப்பட்டது. படைகளுக்கான கொள்வனவோ திரைக்குப் பின்னேயே தொடர்ந்தது.

2023 ஜனவரியில், போர்முனைக்கு அப்பாலுள்ள மாகாணங்களிற் படையினருக்கு உணவு வழங்குவதற்கெனப் பாதுகாப்பு அமைச்சு செய்த ஒப்பந்தமொன்றின் விலைகளைப் பத்திரிகையாளர் யூரி நிக்கொலொவ் வெளியிட்டார். ஒப்பந்தத்தின் பெறுமதி ஏறத்தாழ 1,300 கோடி ஹிரிவ்னியா. அதிலே ஒரு முட்டையின் விலை 17 ஹிரிவ்னியா எனக் குறிக்கப்பட்டிருந்தது. அக்காலத்திற் கீவ் நகரக் கடைகளில் ஒரு முட்டை ஏறத்தாழ 7 ஹிரிவ்னியாவுக்கு விற்றது. கோடிக்கணக்கில் வாங்குபவர், ஒரு பத்து முட்டை வாங்குபவரிலும் இருமடங்குக்கு மேற் கொடுத்தது எங்ஙனம் என நாடு முழுதும் வினா எழுந்தது. நுட்பப் பிழையே காரணமென அமைச்சு விளக்கிற்று. சில நாட்களுக்குட் துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அவ்வாண்டு செப்டெம்பரில் அமைச்சரும் மாற்றப்பட்டார்.

இங்கு உன்னிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிற்றூர்ப் பாடசாலை ஒன்று முட்டை வாங்கிய விலையை எவரும் இணையத்திற் கண்டுகொள்ளக்கூடிய அந்நாட்டிலே, உயிரைப் பணயம் வைத்து நின்ற படைவீரனின் முட்டை விலை மறைந்து கிடந்தது. ஆயுதத்தின் விலையை மறைத்தற்குக் காரணங் கூறலாம். முட்டையின் விலையை மறைப்பதாற் பகைவனுக்கு நட்டம் யாது? இரகசியம் வேண்டிய பொருளுக்கு இட்ட திரை, இரகசியம் வேண்டாத பொருளையும் சேர்த்து மூடிவிட்டது. இதனையுணர்ந்த பாராளுமன்றம், இரகசியமல்லாத படைக் கொள்வனவுகளிலே ஒவ்வொரு பொருளின் விலையும் வெளியிடப்பட வேண்டுமென அவ்வாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் செய்தது. படையினரின் உணவு, உடை முதலியவற்றை வாங்குதற்கென அமைச்சின்கீழ்த் தனி நிறுவனமொன்றும் அமைக்கப்பட்டது; 2024 இல் அந்நிறுவனம் புரோசோரோவினூடாக அவற்றைக் கொள்வனவு செய்தது. போர் ஓயுமுன்னரே திரையின் ஒரு பகுதியை நாடு தானே விலக்கிற்று.

படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன சில. முதலாவது, மின்னணு முறையை மேற்கொள்ளும் நாடு கணனி வாங்குவதுடன் நின்றுவிடலாகாது. எந்தப் பதிவு எவர் பார்வைக்கு எப்பொழுது வரும் என்பதைச் சட்டத்திலே வரையறுத்தல் வேண்டும். பதிவு அரசாங்கத்தின் பார்வைக்கு மட்டும் உரியதாயின், அது கண்ணாடிக் கதவுள்ள அலுமாரியன்று, பழைய அலுமாரியே. இரண்டாவது, உத்தியோகத்தருக்கும் சிறு வணிகருக்கும் பயிற்சி வேண்டும். முறை அறியாத சிறு வணிகர் விலகி நிற்பின், போட்டி பெயரளவிலேயே நிகழும். மூன்றாவது, விதிவிலக்கு ஒவ்வொன்றுக்கும் எல்லையும் முடிவும் குறிக்கப்படல் வேண்டும். அவசரத்தின் பொருட்டு மூடிய கதவு, அவசரம் நீங்கியபின் தானாகத் திறவாது.

இவை யாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று. இயந்திரம் எவரையும் நேர்மையாளராக்குவதில்லை. அது செய்வதெல்லாம், செய்ததைக் காட்டுதல் ஒன்றே. காட்டியதைக் காணுதற்குப் பத்திரிகையாளரும், கண்டதை வினாவுதற்குக் குடிமக்களும், வினாவுக்கு விடை பெறுதற்குக் கணக்காய்வும் நீதிமன்றமும் வேண்டும். தொடக்கத்திற் கூறிய இல்லத்தரசி ஏமாறாதிருப்பது அவளிடம் சிறந்த தராசு இருப்பதனாலன்று. பணம் தன்னுடையதென அவள் அறிந்திருப்பதனாலாகும். அரசாங்கத்தின் பணம் தமதே என்னும் அவ்வறிவு மக்களிடம் உள்ளவரை மின்னணு முறை அவர்கள் கைக்கு நல்லதோர் ஆயுதமாகும். அவ்வறிவு மங்கிவிடின், எத்துணை நுட்பமான முறைமையும் ஒருவரும் படியாத பேரேடாய் முடியும்.